பார்க்கிற பக்கத்து டயர்கள்

டைரக்டர் எந்தக் கம்பெனிக்கும் டைரக்டர் அல்ல. ஊரில் முன்பு இருந்த பால் சங்கத்தில், இயக்குநர் ஒருவர் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்ததால் காலியான நாற்காலியில், மிச்சமிருந்த சில மாதங்கள் உட்கார்ந்து எழுந்தவர். சங்கம் கலைந்துபோனது. பட்டம் கலையவில்லை. அவருடைய மனைவியே வாசலில் வந்து நிற்பவர்களிடம் "டைரக்டர் குளிக்கிறாரு" என்றுதான் சொல்வாள். ஒரு நாள் மறந்துபோய் "அவரு குளிக்கிறாரு" என்று சொல்லிவிட்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று, யார் குளிக்கிறது என்று கேள்வி வந்தது.

அவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுவாக ஒரு டிராக்டர் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. தகப்பனார் விட்டுப்போன துண்டு நிலத்தை விற்று வாங்கியது. பொதுச் சொத்துதான் என்றாலும் வேலைப் பிரிவினையில் குழப்பம் கிடையாது. தம்பி ஓட்டுவான், கிரீஸ் வைப்பான், அடுத்தவர் நிலங்களைக் கூலிக்கு உழுது கொடுப்பான். டைரக்டர் அதைப் பற்றிப் பேசுவார். முடிவெட்டும் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் அவர் பேசக் கேட்டவர்கள், அந்த டிராக்டரைக் கண்டுபிடித்ததே இவர்தானோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

வண்டிக்கு நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. இடப்பக்கத்து டயர்களிலாவது மேடு என்று சொல்ல ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலப்பக்கத்தில் அதுவும் இல்லை. வலது பின் டயரில் கம்பி கிழித்த இடத்தில் உள்நூல் எட்டிப் பார்த்தது. காய்ந்த நிலத்தில் எப்படியோ சமாளித்து ஓட்டிய தம்பிக்கு இப்போது வேறு வழியில்லை. ஆற்றை ஒட்டிய பெரிய பண்ணையில் இந்தப் பருவத்து உழவு முழுவதையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஈரமும் களியுமான நிலம். யார் வண்டி இழுக்கிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அது கிடைத்தால் தம்பி வீடு வீடாகப் போய் உழவு இருக்கிறதா என்று கேட்கிற பிழைப்பை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் சொந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அடுத்தவன் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போவதைத் தவிர வேறு வேலை அவனுக்குத் தெரியாது. இதை அவன் மனைவி தினமும் சொன்னாள். அவனுக்கும் தெரியும். ஆனாலும் தினமும் சொன்னாள்.

டயர் வாங்க டவுனுக்குப் போனவர் டைரக்டர். தம்பிதான் போயிருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர்களிடம் பேசத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்பது டைரக்டரின் கட்சி. தம்பி சரிண்ணே என்றான். அவன் வாயில் அடிக்கடி புழங்கிய சொல் அது ஒன்றுதான். பொறுமை என்று சிலர் அதைப் புகழ்ந்தார்கள். சோம்பலுக்கும் அதே முகம்தான்.

வந்திறங்கியவை: முன்னுக்கு ஒரு டயர், பின்னுக்கு ஒரு டயர். கூடவே வண்டி நெற்றியில் மாட்ட ஒரு வரிசை விளக்கு, 'டைரக்டர்' என்று அதன் முகப்பில் ஒட்டுகிற பளபளப்பு எழுத்துகள், டயருக்குப் பூசுகிற கறுப்பு மெருகு ஒரு டப்பா.

"மீதி ரெண்டு எங்கண்ணே?" என்று தம்பி கேட்டான்.

டைரக்டர் நிதானமாக விளக்கினார். பண்ணையில் மேனேஜரும் அதிகாரிகளும் உட்காருவதற்கு நிலத்தின் இடது ஓரத்தில் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அவர் போய் நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர்கள் கண்ணில் படப்போவது இடப்பக்கம். ஆகவே இடப்பக்கத்துக்கு முன்னொன்று, பின்னொன்று. யாரும் பார்க்காத பக்கத்தில் காசைப் போடுகிறவன் விவரமில்லாதவன்.

தம்பி மனைவிக்கு டைரக்டரோடு நேராகப் பேசுகிற வழக்கமில்லை. அவர் முன்னாலேயே நின்றுகொண்டு புருஷனிடம் பேசுவாள். அன்றும் அப்படித்தான் கேட்டாள்.

"வண்டி அந்தக் கடைசிக்குப் போனா திரும்பி வராதான்னு உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. வரும்போது இந்தப் பக்கம் தெரியாதா?"

டைரக்டரும் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். "போகும்போதுதான்டா பார்ப்பாங்க. திரும்பி வரும்போது டீ குடிச்சிக்கிட்டிருப்பாங்க. எத்தனை கூட்டத்துல நான் மேடையில உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

இதில் ஓர் உண்மை இருந்தது.

ஒரு பக்கத்துச் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் வண்டியின் பலமெல்லாம் அந்தப் பக்கமே போய் வீணாகும், மறுபக்கத்துப் புது டயர் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி கைகட்டி நிற்கும் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அதுவும் முழுதாக இல்லை, பாதிதான். பாதியிலேயே டைரக்டர், இப்படி எதையும் குறையாகவே பார்ப்பதால்தான் நம் குடும்பம் முன்னுக்கு வரவில்லை என்றார். தம்பி சரிண்ணே என்றான்.

டயர் கடைக்காரர் ஆட்களோடு வந்து ஜாக்கி வைத்து இடப்பக்கத்து இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். நான்கையும் ஒன்றாகப் போட்டால்தான் நல்லது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காதவர்களிடம் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஆள் அவரில்லை. வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து, "வண்டிக்கு ஒரு களை வந்துருச்சு டைரக்டர் சார்" என்றார். டைரக்டர் ஒரு துணியால் டயருக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தார். தம் கன்னத்துக்குக்கூட அத்தனை அக்கறையாக அவர் பவுடர் பூசியதில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் பண்ணையிலிருந்து செய்தி வந்தது. கொட்டகைக்குப் பின்னால் எருக்குழி இருப்பதை மேனேஜரின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நாற்காலிகளை எல்லாம் வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

டைரக்டர் மூஞ்சியில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு டயர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

இடப்பக்கத்துச் சக்கரங்களை அப்படியே கழற்றி வலப்பக்கம் மாட்டு, வலப்பக்கத்தை இடப்பக்கம் மாட்டு. இதுதான் உத்தரவு. கடைக்காரர் வந்தார், தலையைச் சொறிந்தார். உழவு டயரின் மேடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அது சுற்ற வேண்டிய திசைக்கு டயரின் விலாவில் ஓர் அம்பு போட்டிருக்கும், சக்கரத்தோடு எடுத்து எதிர்ப்பக்கம் மாட்டினால் அம்பு பின்னாலே பார்க்கும் என்று இழுத்தார். டயரை ரிம்மிலிருந்து உரித்துத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். அதற்குக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும், அரை நாள் ஆகும்.

"அம்பு எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் டைரக்டர்.

கடைக்காரர் விரல் நீளம் காட்டினார்.

"அதுமேல கொஞ்சம் கறுப்பு பெயின்ட் அடிச்சிருங்க."

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி டிராக்டரைப் பார்த்தான். உள்ளே பாத்திரம் ஒன்று வைக்க வேண்டியதைவிடச் சத்தமாக வைக்கப்பட்டது. அந்த நேரத்தில் தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரர் டயரைக் கடைக்கு எடுத்துப் போயிருப்பார், காலையில் கொண்டுவந்தும் கொடுத்திருப்பார். தம்பி சரிண்ணே என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

பெயின்ட் நன்றாகவே ஒட்டியது.

மறுநாள் பண்ணை மேனேஜர் வெள்ளை ஷூவோடு வந்து உட்கார்ந்தார். சேற்று நிலத்தைப் பார்வையிட வெள்ளை ஷூ போட்டு வருகிறவருக்கும் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் டயர் போடுகிறவருக்கும் பார்த்தவுடன் ஒத்துப்போனதில் வியப்பில்லை. டைரக்டரைத் தம் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். இவர் பால் துறையின் எதிர்காலம் பற்றிச் சொன்னார். அவர் தம் ஷூ எங்கே வாங்கியது என்று சொன்னார். போட்டிக்கு வந்திருந்த இன்னொருவர் செங்கல் சூளைக்காரர். அவர் வண்டியில் சூளைப் புழுதி செம்மையாகப் படிந்து, அதன் சொந்த நிறம் என்னவென்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவரும் வாய்ச் சவடாலில் குறைந்தவர் அல்ல. என் வண்டி மலையையே இழுக்கும் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் டயர்கள் நான்கும் பழசு, ஒரே மாதிரிப் பழசு.

தம்பி வண்டியை நிலத்தில் இறக்கினான். வெயில் டயரில் பட்டு மின்னியது. மேனேஜர் தலையை ஆட்டினார். "கண்டிஷனா வச்சிருக்கீங்க" என்றார். டைரக்டர் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவரிடம் அதிகம் புழங்காததால் சரியாக உட்காரவில்லை.

கலப்பை இறங்கியது. வண்டி ஒரு வீட்டு நீளம் போனது. நேராக மாட்டியிருந்தால் சேற்றை வெளியே தள்ளியிருக்க வேண்டிய மேடுகள், தலைகீழாகச் சுற்றியதால் சேற்றை உள்ளே வாரி அடைத்துக்கொண்டன. மேடும் பள்ளமும் நிரம்பி, புது டயர் வழித்தெடுத்த மண்பானை மாதிரி மொழுமொழுவென்று ஆனது. மறுபக்கத்து மொட்டைகளோ தொடக்கத்திலிருந்தே பானைதான். நான்கு சக்கரமும் சுற்றின, வண்டி நின்றது. பிறகு நின்ற இடத்திலேயே பள்ளம் தோண்டிக்கொண்டு இறங்கியது. என்ஜின் கத்தியது. சக்கரம் அடித்த சேறு ஒரு கட்டி பறந்து வந்து வெள்ளை ஷூவுக்கு அருகில் விழுந்தது. மேனேஜர் காலை நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

தம்பி வேறு வழியில்லாமல் கலப்பையைத் தூக்கிவிட்டுப் பின்கியர் போட்டான்.

வண்டி வந்தது. சும்மா வரவில்லை, அழகாக வந்தது. பின்னோக்கிச் சுற்றும்போது அந்த மேடுகளுக்கு அதுதான் சரியான திசை. அடைத்த சேறெல்லாம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. புது டயர்கள் கவ்விப் பிடித்தன. கலப்பைச் சுமை இல்லாததால் மொட்டைகளும் இடக்குப் பண்ணாமல் கூடவே வந்தன. சேற்றுக்குள் ஒரு டிராக்டர் இவ்வளவு மிடுக்காகப் பின்வாங்கியதை அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை. கரைக்கு வந்ததும் தம்பி மறுபடி முன்னால் விட்டான். மறுபடி புதைந்தது. மறுபடி பின்னால் வந்தது. மூன்றாம் தடவை வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ கைதட்டினார்கள்.

மேனேஜர் காலைத் தூக்கியபடியே கேட்டார். "சார், எங்களுக்கு முன்னாடி போய் உழணுமே?"

டைரக்டர் தொண்டையைச் செருமினார். புது டயர் கொஞ்சம் பழக வேண்டும், இந்த நிலத்தில் களி கூடுதல், தரமான மண்ணாக இருந்தால் இந்த வண்டி பறக்கும் என்றார். தம் பண்ணை மண்ணைக் குறை சொன்னது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அவர் நாற்காலியைச் சூளைக்காரர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். புழுதி வண்டி இறங்கி, முக்கி முனகி, அழகே இல்லாமல் கடைசி வரை போய், கடைசியிலிருந்து திரும்பியும் வந்தது. அது திரும்பி வந்தபோது எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் டைரக்டரின் கணக்கு தப்பவில்லை.

பருவத்து உழவு சூளைக்காரருக்குப் போனது. இத்தனை நிலத்துக்கு ஒரு டிரைவர் போதாதே என்று அவர் அங்கேயே சத்தமாகக் கவலைப்பட்டார். அது யார் காதில் விழ வேண்டும் என்று பார்த்துத்தான் கவலைப்பட்டார்.

தம்பி வண்டியைக் கரையில் நிறுத்தி அணைத்தான். முழங்கால் வரை சேறு. வரப்பில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தான். தினமும் சொன்னவள் அன்றைக்குச் சொல்லாதது அவனுக்கு என்னவோ போலிருந்தது. சூளைக்காரரிடம் போய் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டான். நாளைக்கு எதற்கு, இன்றைக்கே ஏறு என்றார் அவர். சொல்லிவிட்டு, டைரக்டர் தம்பி என் வண்டிக்கு டிரைவர் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் உடனே பெருமையடிக்கத் தொடங்கினார்.

இதைக் கேட்டுக்கொண்டு டைரக்டர் வேகமாக வந்தார். நாலு பேர் பார்க்கிற இடம் என்பதால் பாதி வழியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

"டேய், கூலிக்கு வண்டி ஓட்டப் போறியா? என் கௌரவம் என்னடா ஆகுறது?"

தம்பி புழுதி வண்டியின் டயர் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குந்தான் மெருகு டப்பா இருக்கேண்ணே."

டைரக்டருக்கு இது புரிய நேரம் பிடித்தது. தம்பி வாயிலிருந்து சரிண்ணே தவிர வேறு எதையும் கேட்டுப் பழகாதவர். சுற்றிலும் பார்த்தார். மேனேஜர் ஷூவைத் துடைக்க ஆள் தேடிப் போய்விட்டார். தம்பி மனைவி புருஷன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார், குரலைத் தழைத்து. "முதல்ல நம்ம வண்டியை வீட்டுல கொண்டு விட்டுட்டு வா."

"நீங்களே கொண்டு போங்கண்ணே. பின்னாடி நல்லா போகுது."

சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி புழுதி வண்டியில் ஏறினான். அது ஒருமுறை இருமிப் புகை கக்கிவிட்டு நிலத்துக்குள் இறங்கிப் போனது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரும் கலையவில்லை. டிராக்டரைப் பற்றி இத்தனை வருஷமாக அவர் பேசக் கேட்டவர்கள் அவர்களெல்லாம். டைரக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். படியில் கால் வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, சாவியை எங்கே போடுவது என்று தேட ஆரம்பித்தார்.