சுவரில் மாட்டிய ஜன்னல்

பேசாமல் இருப்பது எப்படி என்று கொத்தனாருக்கு இந்த வயதுவரை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கடைசியில் தொண்டை டாக்டர்தான் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது. குசுகுசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல்" என்றார்.

கொத்தனார் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

"இதத்தான் கூடாதுங்கறேன்" என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த மனைவி சிரிப்பை மறைக்க டாக்டர் அறையின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் அங்கிருந்து திரும்பவில்லை. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி, கயிறு கட்டி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

அவர் தொண்டையைக் கெடுத்தது அவருடைய வீடு. ஊரில் அதற்குக் கோணல் வீடு என்று பெயர். திறந்தால் சுவர் நிற்கும் கதவு, கூரையில் போய் முட்டும் படிக்கட்டு, ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்த தரை என்று எல்லாமே ஏடாகூடம். வாரக் கடைசியில் வெளியூர் ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். சுற்றிக்காட்டுவது கொத்தனார். சாரத்தின் உச்சியில் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற குரலில்தான் அவருக்குப் பேசவே வரும். கூடவே தத்துவமும் வரும். எந்தத் தொண்டைதான் தாங்கும்?

இத்தனை கோணலும் ஒரே ஒரு மறதியில் ஆரம்பித்தது. கல்யாணமான புதிதில் அவரே நின்று கட்டிய வீடு அது. ஊரில் பாதி சமையலறைகளுக்கு ஜன்னல் வைத்த மனிதர், தன் வீட்டுச் சமையலறைக்கு வைக்க மறந்துபோனார். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அப்போதுதான் கையில் பாத்திரத்தோடு உள்ளே வந்த புதுப் பெண்டாட்டி, "ஜன்னல் எங்கங்க?" என்று கேட்டாள். வேறு ஒருவராக இருந்தால் அடடா என்று தலையில் கை வைத்திருப்பார். இவர், "வேணும்னேதான் விட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு அந்த வார்த்தைக்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. கூட வேலை செய்பவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள், உடனே சுவரில் ஒரு கதவை மாட்டினார். யாரோ கண்ணடித்தார்கள், கூரைக்கு ஒரு படிக்கட்டைக் கட்டினார். வீடு முழுக்கக் கோணலாகிவிட்டால் ஜன்னல் இல்லாத சுவரும் திட்டத்தில் சேர்ந்துவிடும் அல்லவா? சேர்ந்துவிட்டது. புகழும் வந்தது. மனைவி மட்டும் ஜன்னலை விடவில்லை, வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைக்கிறவளுக்குத்தானே தெரியும். ஒரு நாள் கொத்தனார் நல்ல மரத்தில் சட்டமும் இரட்டைக் கதவும் செய்து, அதை அப்படியே கெட்டிச் சுவரின்மேல் பொருத்தி, "கேட்டியே, இந்தா ஜன்னல்" என்றார். திறந்தால் சுண்ணாம்புதான் தெரியும். வருகிறவர்கள் மாய்ந்து மாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது அதன் முன்னால்தான். டிக்கெட் ஆரம்பித்த பிறகு அவருக்கு இன்னொரு சாக்கும் கிடைத்தது. "இப்பப் போய் நிஜ ஜன்னல் வெச்சா தெருவுல போறவன்லாம் ஓசியில பாத்துட்டுப் போயிடுவான்."

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை அவர் வாசலில் 'இன்று விடுமுறை' பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மத்தியானம் பஸ்ஸு. அவ சமையல்கட்டு ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு வெச்சிருக்காளாம்."

'எத்தனை நாள்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

"தெரியல. திரும்பி வரணும்னு தோணினா வருவேன்."

கொத்தனாருக்குச் சுரீர் என்றது. 'உனக்கு இங்கே என்ன குறை' என்று எழுத ஆரம்பித்தார். 'என்ன'வுக்கு வருவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். எழுதிச் சண்டை போடுகிறவன் ஜெயிக்கப் போவதில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து சமையலறைச் சுவரை ஒட்டித் தெருவில் நின்றது. கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற இசைக்குழு. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதலில் இறங்கியவள் பாடகி. வழியில் தட்டுப்படுகிற விசித்திர வீடுகள் ஒன்றையும் விடமாட்டாளாம்.

"கண்ணாடி பாட்டில்லயே கட்டின வீடு பாத்தாச்சு, கப்பல் மாதிரி வீடு பாத்தாச்சு. நேத்து தலைகீழா நிக்கற வீடு. அங்க எங்க கீபோர்டுக்காரருக்குத் தலை சுத்திடுச்சு. போதும்டா சாமின்னு அங்கயே கம்பி நீட்டிட்டாரு. நீங்க தயவுசெஞ்சு லீவுன்னு சொல்லிடாதீங்க."

கொத்தனார் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்தார். அவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசே இல்லை.

"நான் காட்டறேன் வாங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

கொத்தனாருக்குப் பகீர் என்றது. வீட்டைக் கட்டியவர் அவர், கதை கட்டியவரும் அவர். அவளுக்கோ இரண்டும் உள்ளும் புறமும் தெரியும். கழுத்தில் சிலேட்டு ஆட, அவர் கூட்டத்தின் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார்.

முதலில் சுவர்க் கதவு. அதன் முன்னால் நின்று கொத்தனார் வாழ்க்கையில் திறக்காத கதவுகளைப் பற்றி உருக்கமாகப் பேசுவது வழக்கம். அவள் கதவைத் திறந்து, "பின்னாடி ஒரு சாண் இடம் இருக்கு. தொடப்பம் வெக்க நல்லா வசதி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை.

அடுத்தது கூரைப் படிக்கட்டு. "கீழ்ப்படியில வெங்காயம், அடுத்ததுல உருளைக்கிழங்கு. விருந்தாளிங்க தட்டு மேல. ரொம்பக் கோவம் வந்துச்சுன்னா நான் போய் உச்சிப் படியில உக்காந்துக்குவேன். தலை இடிக்கும்னு இவர் ஏறி வரமாட்டாரு."

டிரம்ஸ்காரர் படியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த மனிதருக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்க வேண்டும். "அடிக்கடி உக்காருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தேஞ்சிருக்கறதப் பாத்தா தெரியலயா?"

சாய்ந்த தரை அறையில் கொத்தனார் எப்போதும் ஒரு பந்தை உருட்டிவிட்டு, பூமி எப்படி எல்லாரையும் தன் பக்கம் இழுக்கிறது என்று ஆரம்பிப்பார். அவள் மூலையைக் காட்டினாள். "எங்க பொண்ணு தவழ ஆரம்பிச்சப்போ இங்கதான் விடுவேன். எங்க விட்டாலும் உருண்டு இந்த மூலைக்கு வந்து சேந்துடும். தேடற வேலையே இல்ல."

பாடகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொத்தனாருக்கு வயிறு எரிந்தது. அவர் தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் ஆட்கள் தலையாட்டியிருக்கிறார்களே தவிர, இப்படி ஒருத்தரும் விழுந்து விழுந்து சிரித்ததில்லை. ஆனால் அந்த மூலையைப் பார்த்தபோது, பந்தை உருட்டி உருட்டி, குழந்தை உருண்ட கதை தனக்கு எப்படி மறந்துபோனது என்றும் தோன்றியது.

கடைசியாகச் சமையலறை. மனைவி விளக்கைப் போட்டாள். பாடகி ஜன்னல் கதவுகளைத் திறந்து சுண்ணாம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சூப்பரா இருக்கு. ஆனா ஏன்மா இப்படி? நிஜ ஜன்னல் ஏன் வெக்கல?"

கொத்தனாரின் காது சிவந்தது. இதோ போட்டு உடைக்கப் போகிறாள் என்று நினைத்தார். துடைப்பம் வந்தது, வெங்காயம் வந்தது, இது மட்டும் வராமலா போகும்? கையில் சாக்பீஸை எடுத்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"வெளிய பாக்கற ஜன்னல் எல்லா வீட்டுலயும் இருக்கு" என்றாள். "உள்ள பாக்கற ஜன்னல் எங்க வீட்டுல மட்டும்தான்."

அது அவருடைய வசனம். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். கூட்டம் ஆஹா என்றது. கொத்தனாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும், இல்லை. வீடு முழுக்கச் சிரித்துப் பேசியவள் இந்த ஒரு இடத்தில் மட்டும் சிரிக்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். அவருடைய மானத்தைக் காப்பாற்ற அவள் இத்தனை வருஷமும் இருட்டில் சமைத்திருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நீங்க அடுத்து எந்தப் பக்கம் போறீங்க?" என்று அவள் பாடகியைக் கேட்டாள். பாடகி சொன்ன ஊர் தங்கையின் ஊர்தான். "கீபோர்டுக்காரர் சீட்டு காலியாத்தானே இருக்கு? பஸ்ஸுக்குக் காத்திட்டிருக்க வேண்டாம் பாருங்க."

"வாங்கம்மா, தாராளமா" என்றாள் பாடகி. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

கொத்தனார் அவசர அவசரமாகச் சிலேட்டை நிரப்பி நீட்டுவதற்குள் எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். மனைவி பையை எடுத்துக்கொண்டு, "குழம்பு அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். டிரைவர் அவள் பைக்கு இடம் பண்ண டிரம்ஸை இறக்கி, வயர் மூட்டையை ஏற்றி, மறுபடி டிரம்ஸை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் கொத்தனாருக்குக் கிடைத்தது.

அவர் சமையலறைக்குத் திரும்பினார். வேனும் மனைவியும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். சுத்தியலையும் உளியையும் எடுத்தார். ஊரெல்லாம் போட்டோ எடுத்த ஜன்னலின் கதவுகளைத் திறந்தார். மேலே பாரம் தாங்க லிண்டல் விட்டம் இல்லாத சுவரில் பெரிய ஓட்டை போட்டால் சுவர் தலையில் இறங்கும், அந்தப் பதற்றத்திலும் அது அவருக்கு மறக்கவில்லை. ஒரு செங்கல் அளவுக்கு உளியை வைத்தார். ஓங்கி அடித்தார்.

வெளியே டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கினார். "யாரோ நல்லா அடிக்கிறாங்க. ஆனா வேகம் சீரா நிக்கல, கூடிக்கிட்டே போகுது."

மனைவி வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுவரில் ஒரு விரிசல் விட்டது. பூச்சு உதிர்ந்தது. ஒரு செங்கல் தெருவில் வந்து விழுந்தது. அது இருந்த இடத்தில் மாவில் முக்கியெடுத்தது போலக் கொத்தனாரின் முகம் தெரிந்தது.

மனைவி அந்த ஓட்டையைக் கண்ணாலேயே அளந்து பார்த்தாள்.

"அங்க இல்லங்க" என்றாள். "அங்க வெச்சா அலமாரிக்குத்தான் வெளிச்சம் வரும். நான் பாத்திரம் கழுவற இடம் இந்தப் பக்கம்."

நீ கொத்தனாரா, நான் கொத்தனாரா என்கிற பதில், எத்தனையோ தரம் சொல்லித் தேய்ந்த பதில், கொத்தனாரின் தொண்டை வரைக்கும் வந்தது. டாக்டர் பூட்டிய பூட்டில் முட்டித் திரும்பிப் போனது. முகம் ஓட்டையிலிருந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் சொன்ன பக்கத்திலிருந்து உளிச் சத்தம் கேட்டது.

அவள் வேனிலிருந்து இறங்கிச் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டாவது செங்கல் அவள் காலடியில் விழுந்தது. உள்ளே அவரும் வெளியே அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் வெச்சீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏங்க வெக்கல?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் விதவிதமான பதில்கள் இருந்தன, எல்லாம் நல்ல பதில்கள். கொத்தனார் சிலேட்டிலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு எழுதினார். எழுதியதைக் காட்ட ஓட்டை போதவில்லை. இன்னொரு செங்கல்லைத் தட்டி எடுத்துவிட்டு, சிலேட்டைக் கழுத்திலிருந்து கழற்றி அதில் வைத்துக் காட்டினார்.

'மறந்துட்டேன்.'

அவள் படித்தாள். சிலேட்டை வாங்கி, கையாலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியும். அன்னிக்கு ஜன்னல் எங்கன்னு கேட்டப்பவே உங்க காது செவந்துடுச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

டிரைவர் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, பையை ஏத்தியாச்சு. எறக்கவா?"

"எறக்கிடுங்க. தங்கச்சி வீட்டு ஜன்னல் எங்க ஓடிடப் போகுது" என்றாள். பிறகு குனிந்து, கண்ணுக்கு மேல் கை வைத்து, தன் சமையலறையைத் தெருவிலிருந்து பார்த்தாள். அடுப்பு தெரிந்தது, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் தெரிந்தன, எல்லாவற்றின்மேலும் வெயில் ஒரு துண்டு விழுந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு வீடு" என்றாள். "ஐயோ, ஓசியில பாத்துட்டேனே. டிக்கெட் எவ்வளவுங்க?"

கொத்தனார் பதில் எழுத சாக்பீஸைத் தேடினார். அது செங்கல் தூளுக்குள் எங்கேயோ விழுந்து கிடந்தது.