நாலாம் விமானத்தின் எரிபொருள்

எங்கள் அலுவலகத்தில் என் பெயர் பெட்ரோல் பங்க். வைத்தவர் முதலாளி. போர் விமானத்தில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. கேட்டால்தானே.

டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள், ஆறு பேர், ஒரே ஒரு கணினி விளையாட்டு. அவ்வளவுதான் எங்கள் நிறுவனம். விளையாடுபவர் ஒரு போர் விமானத்தை ஓட்டுவார். அவருக்குப் பின்னால் இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்ட துணை விமானங்கள் வரும். அவற்றை ஓட்டுவது கணினி. கணினிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நான். சில விளையாட்டுகளில் துணை விமானங்களுக்கு எரிபொருள் தீரவே தீராது. என் பிள்ளைகளுக்குத் தீரும். வேகமாகப் போனால் சீக்கிரம் தீரும், பொறுமையாகப் போனால் நின்று வரும். இந்த ஒன்றுக்காக இரண்டு வருடம் உழைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. "பின்னாடி வர்றவன்கிட்ட எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு எவன்மா பார்க்கப் போறான்?" என்பார். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் 'துணை விமானங்களுக்குத் தீராத எரிபொருள்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் போட்டால் போதும், என் இரண்டு வருடமும் அம்பேல். திங்கட்கிழமை விளையாட்டு வெளியாகிறது. வெள்ளிக்கிழமை காலைவரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

அன்று முதலாளியின் அண்ணி வந்தார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். கணினித் திரைகளில் வெயில் அடிக்கிறது என்று ஜன்னலுக்குத் துணி மாட்டச் சொல்லியிருந்தோம். மாட்டி முடித்து இறங்கப் போனவரை முதலாளி விடவில்லை.

"அண்ணி, ஒரு பத்து நிமிஷம் இந்த விமானத்தை ஓட்டிப் பாருங்களேன்."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது தம்பி."

"அதனாலதான் கேக்குறேன். தெரிஞ்சவன் எப்படி ஓட்டுவான்னுதான் தெரியுமே."

உட்கார்ந்தார். வலது கையில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், இடது கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். அண்ணிக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் தையல் இயந்திரம்தான். கடகடவென்று ஒரு ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், மறுபடி கடகட. விமானத்தையும் அப்படியே ஓட்டினார். ஆனால் அவர் விமானம் கீழே விழவில்லை. சரியாகப் பத்தொன்பதாவது நிமிடம் விழுந்தது நாலாவது விமானம். எதிரி சுடவில்லை, மலையில் மோதவில்லை, எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது. அடுத்த மூன்று நிமிடத்தில் மற்ற இரண்டும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தன.

"அய்யய்யோ, நான் என்ன பண்ணேன்?" என்று அண்ணி நெம்புகோலை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஐம்பது நிமிஷம் தாங்கும்னு சொன்ன?"

"தாங்கும் சார். முன்னூறு தடவை ஓட விட்டுப் பார்த்திருக்கேன்."

"இப்ப தாங்கலையே. நாலு மணிக்கு அண்ணி மறுபடி ஓட்டுவாங்க. ஒழுங்கா இருந்தா சரி. இல்லேன்னா டிக் போட்டுடலாம், பேச்சே வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்தில் அண்ணிமேல்தான் முதலில் பாய்ந்திருப்பேன். நல்லவேளை, அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படியும் ஒருவர் ஓட்டுவாரா, இது என் தப்பா என்று நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

எங்கள் சோதனையாளர். எந்தப் பேச்சையும் இப்படித்தான் தொடங்குவான். அதனால் அவன் பெயரே சந்தேகம்.

"அந்த முன்னூறு தடவையும் முதல் விமானத்தை ஓட்டினது யாரு?"

"கம்ப்யூட்டர்தான். பின்ன, முன்னூறு தடவை நீ உட்கார்ந்து ஓட்டுவியா?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. கணினி ஓட்டும் விமானம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். அதன் பின்னால் யார் வேண்டுமானாலும் நிம்மதியாகப் போகலாம். முன்னால் ஒரு மனிதக் கையை வைத்து இந்தக் கணக்கை நாங்கள் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. பொத்தானை அழுத்தினால் தானே ஓடி முடிகிறதே என்று ஆறு பேரும் காபி குடிக்கப் போயிருக்கிறோம். மனிதர்கள் ஆடுவதற்கென்று விளையாட்டு செய்கிறவர்கள் செய்கிற காரியமா இது? வெட்கமாக இருந்தது.

அண்ணி பறந்த பதிவை எடுத்துப் பார்த்தோம். விமானத்தில் ஆஃப்டர்பர்னர் என்று ஒன்று உண்டு. வால் பக்கம் எரிகிற நெருப்பில் இன்னும் எரிபொருளைக் கொட்டி வேகமெடுப்பது; அதைப் போட்டால் விமானம் குடம் குடமாகக் குடிக்கும். சண்டையில் தப்பிக்கத்தான் அது. நாலாவது விமானம் பத்தொன்பது நிமிடத்தில் அதை இருநூற்றுப் பதினொரு தடவை போட்டிருந்தது.

காரணம் நான்தான். முன்னால் போகும் விமானத்திலிருந்து பத்து மீட்டருக்கு மேல் இடம் பிசகக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். நாலும் வரிசை குலையாமல் போகிற அழகைப் படம் எடுத்துச் சுவரில்கூட ஒட்டியிருந்தேன். அண்ணி ஒரு வெட்டு வெட்டினால் இரண்டாவது விமானம் அலறி அடித்துக்கொண்டு ஓடும். மூன்றாவது அதைவிட வேகமாக ஓடும். கடைசியில் வருகிற நாலாவது எல்லோருடைய அவசரத்தையும் சேர்த்து ஓட வேண்டும். அதற்குள் அண்ணி நிறுத்திவிடுவார். பாவம், அது பிரேக் போட்டு மறுபடி ஓடும். என் கண்டிப்பால்தான் அது செத்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றேன். அப்படிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாததால் சந்தேகம் திடுக்கிட்டுப் பார்த்தான்.

மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தோம். பத்து மீட்டரை நூற்றைம்பதாக்கினேன். முதல் விமானத்தின் வேகம் மாறினால் உடனே துரத்தாதே, மூன்று விநாடி பொறு என்றேன். அது திரும்பினால் வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே போ என்றேன். பக்கத்தில் எதிரி இல்லாவிட்டால் ஆஃப்டர்பர்னரைத் தொடவே தொடாதே என்றேன். வீடு திரும்பும் அளவுக்கு மட்டுமே மிச்சம் இருந்தால் சொல்லிவிட்டுக் கிளம்பு என்றேன். முதல் விமானத்தைச் சந்தேகம் தன் கையால் ஓட்டினான். மூன்றரை மணிக்குத்தான் ஒரு தடவையாவது எல்லோரும் உயிரோடு வந்தார்கள்.

நாலு மணிக்கு அண்ணி உட்கார்ந்தார். ஆற்றின் மேல் இருக்கும் எதிரியின் பாலத்தை உடைத்துவிட்டு வர வேண்டும், அதுதான் வேலை. ஆடுபவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. முதலாளி பக்கத்துக் கணினியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னமா இது, கல்யாண வீட்டுல இருந்து கலைஞ்சு போற கூட்டம் மாதிரி வர்றாங்க?" என்றார் முதலாளி.

"குடிக்கிறது கம்மியாயிருக்கு பாருங்க சார்."

அண்ணி அதே கடகட, அதே நிறுத்தம். ஆனால் பத்தொன்பதாவது நிமிடம் யாரும் விழவில்லை. இருபத்தைந்தாவது நிமிடம் எதிரிகள் வந்தார்கள். சண்டையில் நாலாவது விமானம் அண்ணியின் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒருவனைத் துரத்திக்கொண்டு நெடுந்தூரம் ஓடியது. அங்கே ஆஃப்டர்பர்னர் போடலாம் என்று அனுமதித்தவள் நான்தான். போட்டது. துரத்திவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு ஒலிபெருக்கியில் அதன் குரல் வந்தது: "நாலு. எரிபொருள் குறைவு. வீடு திரும்புகிறேன்."

"யாரு பேசுறது?" என்றார் அண்ணி.

சொல்லிக்கொடுக்கத்தான் கூடாதே. அவரே திரையின் ஓரத்தில் இருந்த வரைபடத்தைத் தேடிப் பார்த்தார். ஒரு பச்சைப் புள்ளி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். எதிரி கிட்டே வந்தால் நாலு நின்று சண்டை போடும். சண்டை போட்டால் வீடு வந்து சேராது. திரையின் மறுபுறத்தில் பாலம் கண்ணுக்கே தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் நேராகப் போனால் வெற்றி.

அண்ணி விமானத்தைத் திருப்பினார்.

"அண்ணி, பாலம்! பாலம் அந்தப் பக்கம்!" விதியை முதலாளியே மீறினார்.

"பாலம் எங்கேயும் ஓடிப் போகாது. சும்மா இருங்க தம்பி."

இரண்டும் மூன்றும் அவர் பின்னால் திரும்பின. சிவப்புப் புள்ளிகள் நாலை விட்டுவிட்டு அண்ணியைத் துரத்தத் தொடங்கின. அவர் விமானத்தில் ஓட்டை விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓட்டினார். ஒரு சிவப்பை இரண்டாவது விமானம் வீழ்த்தியது, மற்றது ஓடிப்போனது. வரைபடத்தின் ஓரத்தில் நாலு தரையைத் தொட்டது. ஓடுபாதையின் பாதியில் அதன் இஞ்சின் அணைந்தது. தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று என் திரையில் பார்த்தேன். பூஜ்யம்.

பின்னாலேயே மற்ற மூன்றும் இறங்கின. திரையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'பணி தோல்வி' என்று வந்தது.

"தோத்துட்டேனா?" என்றார் அண்ணி.

"தோத்துட்டீங்க. பாலத்தை உடைச்சாத்தான் ஜெயிக்க முடியும். அவனுக்காகவா திரும்பினீங்க?" முதலாளிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "அது வெறும் கணக்கு அண்ணி. உள்ள ஆளே கிடையாது."

"அதுகூடவா எனக்குத் தெரியாது?" என்றார் அண்ணி. "ஆனா அவனுக்குத் தீர்ந்து போயிடும்ல? தீராதுன்னா நான் ஏன் திரும்பப் போறேன், என் பாட்டுக்குப் பாலத்துக்குப் போயிருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வருடமாக நான் முதலாளிக்கு வாய் வலிக்க விளக்கியதை அண்ணி ஒரு வரியில் சொல்லிவிட்டார். அழுகை வந்தது, மறைக்கவும் முடியவில்லை.

முதலாளி அமைப்புப் பக்கத்தை மூடிவிட்டு என்னிடம் வந்தார். "அந்தக் கட்டத்தை எடுத்துடு. காலியா வைக்கிறது இல்ல, அது இருக்கவே வேண்டாம்."

"சரி சார்" என்றேன்.

அண்ணி இன்னும் எழுந்திருக்கவில்லை. "கடையில ரெண்டு பேர் ரவிக்கைக்குக் காத்திருப்பாங்க. பரவாயில்ல, காத்திருக்கட்டும்" என்று நெம்புகோலைப் பிடித்தார். "மறுபடி போடுமா. இந்தத் தடவை நான் மெதுவாப் போறேன்."