நூவெல் ஓர்லெயானில் எடுத்த ஐந்து படங்கள்

மாப்பிள்ளையின் இடது கண்ணைக் காணவில்லை. ஐந்து படம் வந்திருந்தது. ஐந்திலும் மனிதர் முகத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

பாரிஸில் லா ஷப்பலில், மெத்ரோ பாலத்துக்கு எதிரே நாலாம் மாடியில், அண்ணை குலசேகரத்தின் ஒற்றை அறை வீட்டில்தான் அந்த உறையைப் பிரித்தோம். எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் பெயர் தவரத்தினம், இருப்பது அமெரிக்காவில் ஹூஸ்டன். மகனின் படிப்பையும் வேலையையும் குணத்தையும் தாய்க்காரி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை தொலைபேசியில் முடிவு சொல்லவேண்டும். என் படம் முன்னமே அங்கே போய்விட்டது. எனக்கு இருபத்தொன்பது முடிகிறது. அண்ணை ‘ஓம்’ என்பதை வாயில் வைத்துக்கொண்டுதான் உறையையே கிழித்தார்.

"இஞ்சை பார் பூரணி, வெள்ளைத் தூண் வைச்ச வீடு! எத்தினை தூண் எண்டு எண்ணு. இதிலை பார், பஸ் மாதிரி வாகனம், உள்ளுக்குக் கட்டில், அடுப்பு எல்லாம் தெரியுது. வீட்டுக்குச் சில்லும் பூட்டி வைச்சிருக்கிறார் மனுசன்!"

"அண்ணை, கண்ணைப் பாருங்கோ."

"என்ன கண்?"

"அதைத்தான் நானும் கேட்கிறன். இடது கண் எங்கை?"

எங்கள் சனத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? கலியாணத்துக்குப் படம் எடுத்தால் மாறுகண்ணை மறைப்பார்கள், தழும்பை மறைப்பார்கள், வழுக்கைக்குத் தொப்பி போடுவார்கள். என் சிநேகிதி ஒருத்தி பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தாலி கட்டும் நேரத்தில்தான் மற்றக் கன்னத்தைக் கண்டாள். அந்தக் கதி எனக்கு வேண்டாம்.

"விசர்க்கதை கதையாதை," என்றார் அண்ணை. "மனுசன் ஊர் பார்க்கப் போனவர், ஊரைப் பார்க்கிறார்."

அப்படி எதைத்தான் பார்க்கிறார்? சனிக்கிழமை காலை படங்களைத் தூக்கிக்கொண்டு முசியே ரொபேர் வீட்டுக்குப் போனேன். அவர் புதுச்சேரிக்காரர், தபால்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஆட்களுக்கு விசா கொடுக்கிற ப்ரெபெக்த்யூர் கந்தோரின் படிவங்களை நிரப்பித் தருகிறவர். மகன் ழான்-லூக்கோடு அமெரிக்காவில் கட்டிலும் அடுப்பும் வைத்த கம்பிங்-காரில் சுற்றிய கதையை, படிவம் நிரப்பப் போகிற எல்லாரும் கேட்டே ஆகவேண்டும். நான் நானாகவே போய்க் கேட்டதும் மனிதருக்கு வாய் காதுவரை போனது.

"அட, நூவெல் ஓர்லெயான்!" என்று நியூ ஓர்லியன்ஸைப் பிரெஞ்சில் சொன்னார். "இந்தத் தூண் வெச்ச வீடு ஊருக்கு வெளிய இருக்குதும்மா. டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள போய்ப் பாக்கலாம். நானும் இதே படியில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். இது வாடகைக் கம்பிங்-கார், பாரு, பக்கத்துல நம்பர் போட்டிருக்கு."

அண்ணையின் மாளிகையும் போச்சு, சில்லு வீடும் போச்சு. ஆனால் பாவம், தன் வீடு என்று அவர் எங்கே சொன்னார்? சொன்னது எங்கள் வாய்தான்.

"பின்னாடி தெரியறது கதெத்ரால், பெரிய சர்ச்சு. உள்ள போய் மெழுகுவத்தி ஏத்தினேன். தெருப் பேரெல்லாம் பிரெஞ்சு, ஆனா ஒருத்தனும் பிரெஞ்சு பேசமாட்டேங்கறான். நான் போன்ழூர் சொன்னா சிரிக்கிறான்!"

"முசியே, இவர் கோயிலை விட்டுட்டு அந்தப் பக்கம் என்னத்தைப் பார்க்கிறார்?"

ரொபேர் தன் ஆல்பத்தை எடுத்துவந்தார். அதே இடத்தில் அவரும் நின்றிருந்தார். அந்தப் பக்கம் ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றும் வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோவேறு கழுதை.

கழுதையைப் பார்த்தா ஒரு மனிதர் இப்படி உருகிச் சிரிப்பார்? இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தேன். ரொபேரின் படம் அகலம் கூட. நாலு மூலையும் வட்டமாக மழுங்கியிருந்தன. தவரத்தினத்தின் படத்தில் இடப்பக்க மூலைகள் வட்டம், வலப்பக்க மூலைகள் கூர். நான் தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள். கத்தரிக்கோல் எங்கே தயங்கியது என்று விளிம்பைத் தடவியே சொல்லுவேன். ஐந்தும் வெட்டுப்பட்ட படங்கள். ஐந்திலும் அவருடைய இடது கை நீண்டு மணிக்கட்டோடு முடிந்தது. யாரையோ பிடித்திருக்கிறார், அந்த ஆளை நறுக்கி எடுத்துவிட்டார்கள்.

ஐந்தையும் உறைக்குள் திணித்துக்கொண்டு எழும்பினேன். ஒற்றைக் கண் என்றால்கூட யோசித்திருப்பேன். கையில் இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதற்குப் படம்?

ஞாயிறு பின்னேரம் அண்ணையை முந்திக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்தினேன். அண்ணை வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினார். நல்லகாலம், எடுத்தது தாய்க்காரி இல்லை, தவரத்தினம்தான்.

"நான் பூரணி. உங்கடை இடது கை ஆரைப் பிடிச்சிருக்கு?"

"என்ன? படத்திலை மகளைப் பார்க்கேல்லையோ?"

"மகளோ! அந்தப் பக்கமெல்லாம் வெட்டிக்கிடக்கு."

அவர் மெல்லச் சொன்னார்: "நான் முழுப்படந்தான் அம்மாட்டைக் குடுத்தனான். உங்களுக்கு எல்லாம் தெரியுமெண்டு சொன்னவ. பிள்ளையின்ரை தாய் செத்து மூண்டு வருசம். மகளுக்கு நாலு வயசு."

பொல்லாத கோபம் வந்தது. ஒரு பிள்ளையை ஐந்து தரம் வெட்டி எடுக்க ஒரு மனிசிக்குக் கை வந்ததே! ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோயிலுக்கு முன்னாலை நிண்டு என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?"

"மகள் கழுதையோடை கதைச்சவள். சாப்பிட்டனியோ எண்டு கேட்டவள். தமிழிலை."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"என்னைப் பற்றி அவளுக்குச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப நீங்களும் கத்தரிக்கோல் எடுத்த ஆள்தான். முதல்லை என்ரை படத்தை அவளிட்டைக் காட்டுங்கோ. முழுசாய்க் காட்டுங்கோ."

கூண்டை விட்டு வெளியே வந்ததும் அண்ணை கையைப் பிடித்துக்கொண்டார். "கண் இருக்காமோ? சொல்லடி! ஓமோ, இல்லையோ?"

"என்னை ஏன் கேட்கிறியள்? அங்கை நாலு வயசுப் பிள்ளை ஒண்டு இப்ப என்ரை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் சொல்லட்டும்."