ரஷீத் பாய் வெட்டச் சொன்ன கொக்கி

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் ரஷீத் அஹமதுவுக்கு முப்பது வருடமாக ஒரே வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, ரகம் பிரிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது ஆடு எந்த முள்வேலியில் உரசியது என்பதுவரை சொல்லிவிடுவார். ஆட்டைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்பதால் அவர் சொன்னது இதுவரை தப்பியதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மனைவியின் நகையைப் பார்த்து, "பதக்கம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

தூபா இறந்து நான்கு வருடமாகிறது. பவுடர் டப்பாவுக்குள் அவள் வைத்துவிட்டுப் போன நகை அது. உள்ளங்கை அகலத்தில் விசிறி வடிவம், கீழே முத்துக் குஞ்சங்கள், மேலே ஒரு கொக்கி. அவள் அம்மாவுக்கும் முந்தைய காலத்தது. நிக்காஹ் அன்று அணிந்திருந்தாள் என்பது தெரியும், எப்படி அணிந்திருந்தாள் என்பதுதான் தெரியாது. போட்டோக்காரரின் ஃபிலிம் சுருள் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போயிற்று. மாப்பிள்ளையைக் கேட்கலாமென்றால், அன்று முழுக்க அவர் முகத்துக்கு முன்னால் மல்லிகைச் சரம் திரைபோலத் தொங்கியது. அவர் அதை விலக்கியது இரண்டே தடவை. இரண்டும் பிரியாணிக்காக.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஹஃப்ஸாவுக்கு நிக்காஹ். தன் அம்மி தூபா போட்டது மாதிரியே போட்டுக்கொள்ள வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான். இருவரும் வேலூருக்கு பஸ் ஏறி, சாமிநாதன் பத்தரின் பட்டறையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பதக்கத்துக்கு எதுக்கு பாய் இவ்ளோ பெரிய கொக்கி?" என்றார் பத்தர்.

"பழைய மாடல் அப்படித்தான். வெட்டிட்டு வளையம் வெச்சிடுங்க, செயின்ல கோத்துக்கலாம்."

"அப்பா, ஜூமர் மாதிரி இருக்குன்னு நான் அப்பவே…"

"முப்பது வருஷ சர்வீஸ்மா."

பத்தர் கத்தரியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்று ரஷீத் நகையை வாங்கித் திருப்பினார். சந்தேகமெல்லாம் இல்லை, பழக்கம். தோலின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், ரகம் பிரிக்கிறவர் பின்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். கொக்கியில் ஒரு முடி சுற்றியிருந்தது. தோலில் முடி நின்றால் அது குறை. அவர் நகம் தானாகவே போய் அதைச் சுரண்டி இழுத்தது.

"முடி நிக்குது. சுண்ணாம்புல சரியா ஊறல."

"பாய், இது ஆடு இல்ல."

ரஷீத் இன்னும் இழுத்தார். முடி வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளம். நகையின் முதுகைத் தடவினார். எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தார். தேங்காய் எண்ணெய்.

"கழுத்துக்கு யாரு எண்ணெய் வெக்கிறாங்க?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "தலையில போடறது இது."

"ஜூமர்" என்றாள் ஹஃப்ஸா. "இடப்பக்கம், முடியில மாட்டிக்கறது. காலையிலேர்ந்து சொல்றேன்."

"அந்தக் கத்தரியைக் கீழ வைங்க பத்தரே."

இந்நேரத்துக்கு அவர் பெருமையாக ஒரு வார்த்தை பேசியிருப்பார். அதற்குப் பதில் முடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நெடுக மருதாணிச் சிவப்பு. வேர்ப்பக்கம் மட்டும் நரை. கல்யாணத்தன்று தூபாவுக்கு இருபது வயது, கருகருவென்று முடி. மருதாணி போட ஆரம்பித்தது நாற்பதுக்கு மேல்.

அப்படியென்றால் பிறகும் ஒருநாள், அவர் ஃபேக்டரியில் ஆட்டுத் தோலின் தழும்பை எண்ணிக்கொண்டிருந்த பகலில், அவள் கண்ணாடி முன்னால் நின்று இதை மாட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் கழற்றி, பவுடர் டப்பாவில் வைத்துவிட்டாள்.

"நான் ரெண்டு தடவையும் பாக்கலம்மா" என்றார்.

பத்தர் ரோஸ் தாளில் ஒரு துண்டு கிழித்து, நகைக் கல்லை மடிப்பதுபோல முடியை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். கொக்கியை மட்டும் கொஞ்சம் நெருக்கிக் கொடுத்தார். ஹஃப்ஸா துப்பட்டாவை ஒதுக்கி, இடப்பக்கம் சாய்த்து மாட்டினாள். முத்துகள் புருவத்தின் மேல் வந்து நின்றன.

ரஷீத் அவள் தோளைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னா பாய், எந்த ரகம்?" என்றார் பத்தர்.

"கொஞ்சம் சும்மா இருங்க பத்தரே. பாத்துட்டு இருக்கேன்."