அடைப்புக்குறிக்குள் பி.பி.

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் பேசினார். "மறைந்துபோன பொருட்கள்னு சிறப்பிதழ் போடறோம் சார். டைப்ரைட்டர், இன்லண்டு லெட்டர், டிரான்சிஸ்டர் எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு. உங்களுக்கு லேண்ட்லைன். தெருவுக்கே ஒரு ஃபோன் இருந்த காலம். கொஞ்சம் ஈரமா எழுதுங்க."

அவர் பேசியது செல்ஃபோனில். பழசுக்காக ஏங்குகிறவர்கள் எல்லாம் புதுசை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏங்குகிறார்கள். சரி என்று உட்கார்ந்து முதல் வரி எழுதினேன்.

[அது ஒரு பொற்காலம். அமிர்தலிங்கம் வீட்டில் ஃபோன் மணி அடித்தால் தெருவே ஒரே குடும்பமாக]

அதற்குமேல் கை ஓடவில்லை. பொய் எழுதக் கூசுகிற கை இல்லை, இருந்தும் ஓடவில்லை. அரும்பாவூரில் அந்தத் தெருவில், அதே வீட்டு மாடியில், மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவன் நான். அது குடும்பம் இல்லை. வேறு என்ன என்பதைச் சொல்ல, கண்ணகியிடம் போக வேண்டும்.

2

முதலில் அமிர்தலிங்கம். கூட்டுறவு சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001-இல் அந்தத் தெருவில் ஃபோன் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கூடத்தில் மேசை, மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஃபோன், பெட்டிக்குப் பூட்டு. ரிசீவரை மட்டும் எடுக்கவும் வைக்கவும் பெட்டியில் வெட்டு விட்டிருந்தார். யாரும் எண்ணை அழுத்திவிடக் கூடாதே! சாவி அவர் பூணாத பூணூல் மாதிரி கழுத்துக் கயிற்றில் தொங்கும்.

தெருவில் அச்சடித்த அத்தனை கல்யாணப் பத்திரிகைகளிலும் அவர் எண் இருந்தது. பின்னால், ஃபோன் அடுத்த வீட்டுடையது என்பதற்கு அடையாளமாக, அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று போட்டிருந்தது. (பி.பி.க்கு விரிவு என்ன என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் கவர்மெண்டு எழுத்து தம்பி" என்றார்.)

அழைப்பு வந்தால் ஆளைக் கூப்பிட அனுப்புவார். அவருக்குப் பிடிக்காத வீடென்றால், "ஊருக்குப் போயிருக்காங்க" என்று வைத்துவிடுவார். பேச வந்தவர்கள் தரையில் உட்காருவார்கள், அவர் நாற்காலியில். பேசி முடித்ததும், "என்னவாம்?" என்பார். காதால் கேட்டது போதாதென்று வாயாலும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

3

கண்ணகி கீழப்பழுவூரில் பிறந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் இளையபெருமாள் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவன் விமானம் ஏறும்போது மகள் கயலுக்கு ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் கூப்பிடுவான். பத்து நிமிடம். ஒன்பது நிமிடம் மாமியார் வைரக்கண்ணு பேசுவாள். மிச்சம் கண்ணகிக்கு.

"நல்லா இருக்கியா?"

"ம்."

"புள்ள?"

"ம். நல்லா இருக்கா."

கூடத்தில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். புருஷனிடம் அதற்குமேல் பேச அவளுக்கு நாக்கு வராது. இப்படியே ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தினாள்.

2001 தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடித்தது. நாய்கூட ஓடி ஒளிந்தது. கயல் தொட்டிலில் அசையாமல் தூங்கினாள். கண்ணகி தொட்டிலருகே குனிந்து கையைத் தட்டினாள். பித்தளைத் தட்டை எடுத்து வந்து தட்டினாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திருச்சி டாக்டர் இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். கருவி மாட்டி, தாய் கூடவே தங்கிப் பயிற்சி கொடுத்தால் பேச வைக்கலாம். ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றார். அதற்குத் திருச்சியில் வீடு பார்த்துத் தங்க வேண்டும். புருஷனிடம் சொல்லாமல் எப்படிப் போவது?

4

(இந்த இடத்தில் முதல் வரைவில் மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். எழுதுவது சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

வைரக்கண்ணு உண்மையில் சொன்னது இது: "அவன்கிட்ட சொல்லிடாத ஆத்தா. இருபதாவது மாடியில சாரத்துல நின்னு வேல பாக்குறான். மனசு கலங்குனா காலு தவறிடும். வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் பயந்தாள், அவ்வளவுதான். பயந்தவள் பேச்சுக்குக் கண்ணகியால் எதிர்ப்பேச்சு பேச முடியவில்லை. ஆனாலும் ஒரு கடிதம் எழுதினாள். சிங்கப்பூர் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். அமிர்தலிங்கத்திடம் கொண்டுபோனாள்.

"வாராவாரம் ஃபோன்ல பேசுற. லெட்டருல எழுதுற அளவுக்கு என்ன ரகசியம்?" என்றார், மாமியார் காதில் விழும்படி.

கண்ணகி கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டாள்.

5

கயலுக்கு மூன்று வயது நெருங்கியபோது ஒரு ஞாயிறு இளையபெருமாள் பிடிவாதம் பிடித்தான். "எப்பக் கேட்டாலும் தூங்குறாங்குறீங்க. இன்னிக்கு அவ 'அப்பா'ன்னு சொல்லாம நான் வக்கிறதா இல்ல."

வைரக்கண்ணு ரிசீவரைப் பொத்திக்கொண்டு விழித்தாள். கூடத்துக்கே விஷயம் தெரியும். எல்லாரும் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தம் நான்கு வயதுப் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்து, ரிசீவரை அவள் வாயருகே பிடித்தார்.

"அப்பான்னு சொல்லு. எப்ப வருவீங்கன்னு கேளு."

"அப்பா, எப்ப வருவீங்க? பொம்ம வாங்கியாங்க!" என்றது பிள்ளை.

அந்தப் பக்கம் இளையபெருமாள் விம்மி அழுவது கூடம் முழுக்கக் கேட்டது. கூடம் சிரித்தது. 'என்ன மூளை!' என்பதுபோல் ஒருவர் அமிர்தலிங்கத்தின் முதுகில் தட்டினார்.

கண்ணகி சுவரோரம் நின்றிருந்தாள். இடுப்பில் கயல். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துக் கயலும் சிரித்தாள்.

(நானும் அங்கே இருந்தேன். காலையில் படித்த பேப்பரையே மறுபடி படிக்கிற சாக்கில் ஞாயிறுதோறும் கீழே இறங்கிவிடுவேன். எழுதுகிறவனுக்கு நாலு விஷயம் காதில் விழவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அன்று நானும் சிரித்தேன். ஆசிரியருக்காக முதல் வரியில் எழுதிய 'தெருவே ஒரே குடும்பம்' இதுதான்.)

6

2004 பொங்கலுக்குக் கண்ணகியின் அண்ணன் அறிவரசன் சீர் கொண்டுவந்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். சட்டைப்பையில் புது செல்ஃபோன்.

"சீரு வேணாண்ணே, அந்த ஃபோன குடுத்துட்டுப் போ" என்றாள்.

"இது எதுக்குப் புள்ள உனக்கு?"

"குடுண்ணே."

அவள் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லாதவள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்; கொடுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு, மாமியார் பேசி முடித்து ரிசீவரை நீட்டினாள். கண்ணகி நலம் விசாரிக்கவில்லை.

"பேனா எடுங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. ஒம்பது, நாலு, நாலு..."

பத்து எண்ணையும் இரண்டு தடவை சொன்னாள். அவளுக்குக் கிடைத்த ஒரு நிமிடம் அதற்கே சரியாக இருந்தது. "வர்ற ஞாயித்துக்கெழம இதுல கூப்புடுங்க" என்று ரிசீவரை வைத்தாள்.

"ஏன், இந்த வூட்டு ஃபோனுக்கு என்ன கேடு?" என்றார் அமிர்தலிங்கம். கண்ணகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஊரில் ஏரிக்கரையில்தான் சிக்னல் கிடைத்தது. அந்த ஞாயிறு நாலரைக்கே பிள்ளையோடு கரைக்குப் போய்விட்டாள். இங்கே கூடத்தில் வைரக்கண்ணு வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். ஐந்து அடித்தது. ஃபோன் அடிக்கவில்லை. அமிர்தலிங்கம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆறாயிற்று. ஒருவர் ஒருவராக எழுந்து போனார்கள். ஆறரைக்குக் கண்ணகி தெருமுனையில் வந்தாள். கிழவி வாசலுக்கு ஓடினாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்த."

"எல்லாத்தயுமா?"

"இவங்க பேத்தி பேசுனதயும் சொல்லிட்டேன்."

"கீழ நின்னானா, மேல நின்னானா?"

"கீழதான் அத்த. இன்னிக்கு லீவு."

வைரக்கண்ணு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணகியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

7

மிச்சம் நடந்ததை ஒப்பித்துவிடுகிறேன். அடுத்த மாதமே கண்ணகி பிள்ளையோடு திருச்சிக்குக் குடிபோனாள். கயலுக்குக் கருவி மாட்டினார்கள். இரண்டு வருடம் பிந்திவிட்டது என்றார் டாக்டர். இப்போது ஏழு வயதில் சில வார்த்தைகள் பேசுகிறாள். மற்றதை எழுதிக் காட்டுகிறாள். அந்த இரண்டு வருடத்துக்கு யார் பொறுப்பு என்று ஈரமான சிறப்பிதழ்கள் கேட்பதில்லை.

தெருவில் ஒவ்வொரு வீடாகச் செல்ஃபோன் வந்தது. போன வருடம் அமிர்தலிங்கம் லைனைத் திருப்பி ஒப்படைத்தார். "செல்லு வந்துச்சு, மனுசனுக்கு மனுசன் பேச்சே அத்துப்போச்சு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்புகிறார். சிறப்பிதழுக்கு அவரையே எழுதச் சொல்லியிருக்கலாம்.

ஏரிக்கரையில் இளையபெருமாள் என்ன சொன்னான்? அதற்கு இரண்டு முடிவு எழுதினேன்.

முடிவு அ: [அவன் ஓவென்று அழுது, மன்னிச்சிடு கண்ணகி என்று]

முடிவு ஆ: [இத்தன நாளா ஏமாத்திட்டீங்களே என்று கத்திவிட்டு ஃபோனை]

கதையையும் இரண்டு முடிவையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். கண்ணகி கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

"மாமியாரப் பத்தி எழுதுனது சரிதாங்க. நீங்க சிரிச்சத எழுதியிருக்கீங்க. அதுவும் சரிதான். பாத்தேன் அன்னிக்கு."

நான் குனிந்துகொண்டேன். பிறகு, வெட்கம் கெட்டுப்போய், "கடைசில அவர் என்னதாங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"கதைக்கு முடிவு வேணும்."

"நாங்க ரெண்டு பேரும் பேசுன எல்லாத்தயும் அந்தத் தெருவே கேட்டுச்சு. இது ஒண்ணுதான் யாரும் கேக்காம பேசுனது." பேனாவை வாங்கி இரண்டு முடிவையும் குறுக்கே அடித்தாள். "பள்ளிக்கூடம் வுடுற நேரமாச்சு. புள்ள தேடுவா" என்று காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. இவ்வளவு தூரம் படித்துவிட்ட உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும். அவள் சொல்லமாட்டாள்.