நவமணி குடிக்காத தண்ணீர்

கார்த்திகேசுவின் மூத்திரப் பையைப் பற்றிப் பேசாத நாள் அந்த வீட்டில் கிடையாது. தொண்ணூறு வயதில் நீர் அடைத்துக்கொண்டபோது மனிதர் போட்ட சத்தத்தில் ஜெலுத்தோங் அடுக்குமாடியே திரண்டுவிட்டது. குழாய் பொருத்தி, பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மகன் குகனுக்கு அதுவே உத்தியோகம். பை நிறைந்ததா, நிறம் மங்கியதா, குழாய் மடங்கியதா எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஈப்போவிலிருந்து அழைக்கும் உறவினர்கள்கூட பையைத்தான் முதலில் நலம் விசாரிப்பார்கள். கிழவரும் கவர்னர் மாதிரி சாய்ந்துகொண்டு பதில் சொல்வார்.

அம்மா நவமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கணவரைவிட இரண்டு வயது இளையவள், சத்தமே இல்லாத மனுஷி. முழங்கால் விட்டுப்போனபிறகு, கழிவறைக்கு மருமகள் சுபாஷினிதான் பிடித்துக்கொண்டு போவாள். ஆனால் சுபாஷினி காலையில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகல் முழுக்க, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குகன்தான் துணை. அவன் தண்ணீர் கொண்டுபோய் வைப்பான். டம்ளர் அப்படியே இருக்கும். "பிறகு குடிக்கிறன்" என்பாள். அவனும் விட்டுவிடுவான். அப்பாவைக் கேட்பதை அம்மாவிடம் கேட்க முடியுமா? பெற்ற மகன் வாயில் வருகிற கேள்வியா அது?

பிறகு அவள் பேச்சு தடுமாறியது. எப்போதோ இறந்துபோன தன் தம்பி சற்குணத்தின் பெயரைச் சொல்லிக் குகனைக் கூப்பிட்டாள்.

"வயசாச்சு லா, அப்படித்தான் இருக்கும்" என்றான் குகன் மனைவியிடம். பாவி, அதோடு மறந்தும் போனான். ஒரு காலையில் எழுப்பியும் அவள் எழுந்திருக்கவில்லை; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பெண்கள் வார்டில், அப்பாவுக்குக் குழாய் பொருத்திய அதே டாக்டர் மஹ்பூபா கேட்டார்: "அங்கிள், அம்மாவுக்கு ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் இருந்திச்சா? கடைசியா எப்ப போனாங்க?"

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தால் மடமடவென்று ஒப்பித்திருப்பான்.

"தெரியல டாக்டர்."

"யூரின்ல கிருமி, ரத்தத்துல ஏறிடுச்சு. ஐயாவுக்கு அடைச்சப்ப கத்தினாரு, உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. இந்த வயசு அம்மாங்க பல பேருக்குக் காய்ச்சல்கூட வராது, பேச்சுதான் மாறும்." குரலைத் தாழ்த்தினார். "மருந்து ஏத்துறோம். ஆனா மனசைத் தேத்திக்குங்க. முழிச்சா ஸ்பூன்ல கொஞ்சங் கொஞ்சமா தண்ணி கொடுங்க."

மாலையில் கண் விழித்தாள். குகன் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனான். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம் சற்குணம்."

"நாக்கெல்லாம் வறண்டு கிடக்கும்மா."

"குடிச்சால் ஒண்ணுக்கு வரும். வீட்டில மகன் மட்டும்தான் நிக்கிறான். ஆம்பிளைப் பிள்ளை. அவனை எப்படிக் கூப்பிடுறது? சுபா வரட்டும்."

நான்தானம்மா குகன், உங்களுக்குச் செய்ய எனக்கென்ன வெட்கம் என்று கதற வேண்டும்போல் இருந்தது குகனுக்கு. கதறினால் அவள் குடிக்கமாட்டாள். மகன் அங்கே இருக்கும்வரை அந்த வாய் திறக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

"அக்கா," என்றான். "சுபா வந்தாச்சு. மகன் வெளிய போயிட்டான்."

"போயிட்டானோ?"

"போயிட்டான் அக்கா. இப்ப குடிங்க."

நவமணி வாயைத் திறந்தாள். எத்தனை நாள் தாகமோ, ஆசை ஆசையாகக் குடித்தாள். இன்னும் வேண்டுமென்று ஜாடை காட்டினாள். அவன் மறுபடி கரண்டியை நிறைத்துக் கொடுத்தபோது தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

பத்து லஞ்சாங் மயானத்தில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றுவதற்காகக் குருக்கள் கூப்பிட்டார்.

"மகன் யாரு? முன்னால வாங்க."

குகன் அசையவில்லை. மகன் போய்விட்டான் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவள் தண்ணீர் குடித்தாள். சுபாஷினிதான் அவன் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினாள்.