தட்டைப் பறிக்கும் திட்டம்

பேச்சு வராத பெரியவர்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த இல்லம் அது. ஒருவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று கூடவே இருந்து கவனித்து, அதற்கேற்பப் பயிற்சித் திட்டம் எழுதுவது தெரபிஸ்டின் வேலை. அந்த வேலையில் அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் அறையில் இருந்த நாற்பது வயதுப் பெண்ணை எல்லோரும் மகாராணி என்பார்கள். தன் நாற்காலியை மாற்றிப் போட்டால் உட்காரமாட்டாள்; அதனால் வந்த பேர். இரண்டு வாரமாக அவள் தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள். சாப்பிடும்போது அடி கூடும்.

நிர்வாகி ஒரு தாளை நீட்டினார். "அடிச்சுக்கிட்டா தட்டை எடுத்துடணும். அடுத்த வேளை வரைக்கும் ஒண்ணும் கிடையாது. ரெண்டே நாள்ல வழிக்கு வருவா. கையெழுத்துப் போடுங்க."

"போடமாட்டேன் சார்."

"ஏம்மா?"

"பட்டினி போடுறது பயிற்சி இல்ல. மெல்லும்போதுதான் அதிகமா அடிச்சுக்கிறாங்க, அதுவும் ஒரே பக்கம். முதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"நேத்து வந்த நீங்க எனக்குப் பாடம் நடத்துறீங்களா? நர்ஸ் போட்டாச்சு, சமையல்காரர்கூடப் போட்டாச்சு."

"அப்ப பயிற்சியையும் அவரையே கொடுக்கச் சொல்லுங்க."

அவள் அந்தத் தாளிலேயே, 'இதற்கு நான் உடன்படவில்லை' என்று காரணத்தோடு எழுதித் தேதி போட்டாள். நிர்வாகி முன்னாலேயே மகாராணியின் அண்ணனுக்குப் போன் செய்தாள். தங்கைக்காகச் சம்மதம் தர வேண்டியவர் அவர்தான். அவரை யாரும் கேட்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நின்றார் அண்ணன். "பசிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியாதவ சார். அவ வயித்துல அடிக்க எப்படி மனசு வந்துச்சு?"

நிர்வாகி தாளை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பல் டாக்டர் வலது கடைவாயில் சீழ் வைத்த பல்லைப் பிடுங்கினார். ஒரு வாரத்தில் அடி நின்றது.

நிர்வாகியின் கோபம் நிற்கவில்லை. "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வேலைய விட்டுப் போங்க."

"எழுதுறேன் சார். ஆனா மன்னிப்பு இல்ல, நடந்ததை. உங்களுக்கும் இல்ல, உங்க மேலிடத்துக்கு."

வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து அதிகாரிகள் வந்து அலமாரியைத் திறந்தபோது, அதேபோல இன்னும் மூன்று பேருக்குப் போட்ட திட்டங்கள் அகப்பட்டன. மூன்றையும் அன்றைக்கே நிறுத்தினார்கள். செய்தியை அவளுக்குப் போனில் சொன்ன நர்ஸ், "நானும் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"இனிமே போடாதீங்க" என்றாள் அவள்.